பழுப்பு தீர்ந்த வாரம்

வெள்ளிக்கிழமை, மணியடித்த பின்
கிரேயான் டப்பாக்களை அடுக்கும்போதுதான் கவனித்தேன்:
பழுப்பு மட்டும் நகக்கண் அளவுக்குத் தேய்ந்திருந்தது.
நீலத்தின் முனைகூட மழுங்கவில்லை.

'உலகக் குடிமக்கள்' என்று தலைப்பிட்ட சுவரில்
இருபத்துநான்கு மலாவிகள்.
வெடித்த தரை, ஒற்றை மரம்,
தலையில் குடத்தோடு ஒரு சிறுமி.
குடங்களை எண்ணினேன், பதினேழு.
ஸ்ட்ரூவன் மட்டும் சிங்கம் வரைந்திருந்தான்,
அதற்கும் விலா எலும்பு தெரிந்தது.
வாய்கள் எல்லாம் கீழ்நோக்கி வளைந்திருந்தன.
யார் சொல்லிக்கொடுத்தது இதை?
நானில்லை என்று வாய்வரை வந்துவிட்டது.
திங்களன்று நான் ஓட்டிய எட்டு ஸ்லைடுகள்
அதற்குள் நினைவுக்கு வந்தன.

பென்சில் வாங்கி அனுப்ப ஒரு குலுக்கல் மேசை போட்டோம்.
ஆளுக்கொரு பரிசு கொண்டுவர வேண்டும்.
மோர்வன் ஒரு பட்டாணி டின் கொண்டுவந்தாள்.
அடியில், உணவு வங்கியின் மஞ்சள் ஸ்டிக்கர்.
நகத்தால் சுரண்டி எடுத்தேன்,
யாரும் பார்க்காதபடி.
மோர்வன் பார்த்தாள்.
நாற்பத்தொரு பவுண்டு சேர்ந்தது.
கைதட்டச் சொன்னேன், தட்டினார்கள்,
அவளும்தான்.

ஆர்ப்ரோத்தில் நவம்பர் முழுக்க மழை.
படங்களையும் பென்சில்களையும் ஒரே பெட்டியில் கட்டி
என்காட்டா பேக்கு அனுப்பினோம்.
வரைபடத்தில் அந்த ஊரைத் தொட்டுக் காட்டியபோது
என் விரல் ஏரியை மறைத்துக்கொண்டிருந்தது.

மார்ச்சில் பதில் வந்தது.
பிரித்ததும் மேசையெல்லாம் நீலம்.
படகுகள், வலைகள், முதுகில் பள்ளிப்பையோடு
தண்ணீரில் குதிக்கும் பையன்கள்,
பள்ளிக்கூரையை அடிக்கும் பெருமழை.
ஒரு படத்தின் பாதி வெறும் பென்சில் கோடு.
கீழே ஒரு குறிப்பு:
'மன்னிக்கவும், நீலம் தீர்ந்துவிட்டது. ஏரி பெரியது.'

ஸோன்டிவே என்ற பெண் எழுதியிருந்தாள்:
'உங்கள் படங்கள் கிடைத்தன, நன்றி.
இது எந்த ஊர் என்று எங்களுக்குள் தகராறு.
மாயாமிகோ, நிலா என்கிறான்.
குடம் வைத்திருப்பவளோடு பேச
ஏன் யாருமே இல்லை?
அவள் ஏதாவது தப்பு செய்தாளா?
தெற்கிலிருந்து ம்வேரா காற்று வீசினால்
என் அப்பா படகை இறக்கமாட்டார்.
உங்கள் பக்கமும் கடல் என்று டீச்சர் சொன்னார்.
அங்கே காற்றுக்குப் பெயர் உண்டா?
குளிரில் உங்களை வெளியே விளையாட விடுவார்களா?
இல்லையென்றால் பாவம்.'

பாவம் என்ற சொல்லில் வகுப்பு நின்றுவிட்டது.
கட்செப்பருக்குக் கோபம்,
'நாங்க வெளியேதான் விளையாடுறோம், எழுதுங்க மிஸ்.'
ஸ்ட்ரூவனின் அப்பா நண்டுப் படகில் போகிறவர்.
அதுவரை அந்தப் பையன் வகுப்பில்
முழுதாக ஒரு வாக்கியம் பேசியதில்லை.
கடலிலிருந்து ஏறி வரும் மூடுபனிக்கு ஹார் என்று பேர்,
காற்றல்ல, ஆனாலும் படகை நிறுத்தும்,
ஒருமுறை அப்பா திரும்ப ராத்திரியாகி
அம்மா துறைமுகத்தில் நின்றாள் என்று
மூச்சுவிடாமல் சொன்னான்.
இதை எழுதலாமா என்று கேட்டான்.
இதைத்தானடா எழுத வேண்டும்
என்று சொல்லவந்து, தலையை மட்டும் ஆட்டினேன்.

சுவரைப் பிரிக்க அனுமதி கிடைக்கவில்லை.
ஆய்வாளர்கள் மே மாதம் வருகிறார்கள்,
சான்றிதழ் அந்தச் சுவரை நம்பியிருக்கிறது
என்றார் தலைமையாசிரியர்.
நானும் சண்டை போடவில்லை.
நீல ஏரிகளை எதிர்ச்சுவரில்,
கோட்டு மாட்டும் கொக்கிகளுக்கு மேல், ஒட்டினேன்.

இடைவேளையில் மோர்வன் நாற்காலி போட்டு ஏறி
தன் படத்தில் ஏதோ செய்துகொண்டிருந்தாள்.
குடக்காரிக்குப் பக்கத்தில் இன்னொருத்தி.
பழுப்பு இல்லாததால் முழுக்க நீலத்தில்.
கையில் என்ன, டின்னா என்று கேட்கவில்லை.
வாயை விட்டுட்டியே என்றேன்.
'என்ன பேசறாங்கன்னு இன்னும் தெரியல மிஸ்'
என்றாள்,
திரும்பிப் பார்க்காமல்.